மண் தந்த மருந்து யாருக்குச் சொந்தம்?

காலடியில் மிதிபடும் மண்ணுக்கு நாம் தரும் மதிப்பு என்ன? "மண்ணாங்கட்டி" என்பது இகழ்ச்சி. "மண்ணாய்ப் போக" என்பது வசைமொழி. ஆனால், உலகை உலுக்கிய கொடுநோய்கள் பலவற்றை ஒடுக்கிய மருந்துகள் அந்த மண்ணிலிருந்துதான் மனிதன் கைக்கு வந்தன. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம், தன் வாழ்வுக்காக ஆக்கிக்கொள்ளும் வேதிப்பொருள்களில் சிலவே, மருத்துவமனைகளில் ஊசியாகவும் மாத்திரையாகவும் உருமாறி உயிர் காக்கின்றன.

நுண்ணுயிருக்கு உரிமையாளர் எவருமில்லை. அதற்குப் பட்டா இல்லை, பத்திரம் இல்லை. எனினும், அதிலிருந்து மருந்து பிறந்த மறுகணமே "என்னுடையது" என்ற குரல் எழுகிறது. ஒரு குரல் அல்ல, பல குரல்கள்! கண்டெடுத்த மாணவன் ஒரு குரல். வழிகாட்டிய ஆசிரியர் ஒரு குரல். இடம் தந்த பல்கலைக்கழகம் ஒரு குரல். பணம் தந்த நிறுவனம் ஒரு குரல். மண் எடுக்கப்பட்ட ஊரின் மக்கள் ஒரு குரல். இவ்வளவுக்கும் அப்பால், படுக்கையில் கிடந்து இருமிக் கொண்டிருக்கும் நோயாளியின் குரல் ஒன்று உண்டு. அது மெல்லிய குரல், அதனாலேயே பலர் காதில் விழாத குரல். இவற்றுள் அறத்தின் குரல் எது? நடந்த நிகழ்ச்சி ஒன்றை முன்னிறுத்தி, இந்த வினாவைச் சிந்திப்போம்.

எலும்புருக்கி நோய் என்று நம் முன்னோர் அஞ்சிய காசநோயை எடுத்துக்கொள்வோம். எலும்பும் தோலுமாக ஆளை உருக்கி, இருமலில் குருதி கக்கவைத்துக் கொல்லும் நோய் அது. வினைப்பயன் என்றனர் சிலர். குடும்பச் சாபம் என்றனர் சிலர். தலையெழுத்து என்று கூறித் தலையைத் தொங்கவிட்டவர் பலர். 1882-ஆம் ஆண்டு, ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், நோய்க்குக் காரணம் வினையும் அல்ல, விதியும் அல்ல, ஒரு கிருமி என்று உருப்பெருக்கியின் வழியே காட்டினார். சாபம் சாய்ந்தது, ஆனால் சாவு சாயவில்லை. பகைவனின் முகம் தெரிந்ததே தவிர, அவனை வீழ்த்தும் படைக்கலம் அறுபது ஆண்டுகள்வரை கிடைக்கவில்லை. ஓய்வு, நல்ல காற்று, நல்ல உணவு ஆகியவைதாம் மருத்துவம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய நலவாழ்வு மனையும் அந்த நம்பிக்கையில் எழுந்ததே. நல்ல காற்றுக்காவது விலையில்லை. நல்ல உணவுக்கு ஏழை எங்கே போவான்?

இந்த நிலையில்தான், அமெரிக்க நாட்டு நியூஜெர்சி மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு தேடல் நடந்தது. அதை நடத்தியவர் செல்மன் வாக்ஸ்மன். 1888-இல் உக்ரேனில் பிறந்து, 1910-இல் அமெரிக்கா சென்று குடியேறியவர். பிறர் ஏறெடுத்தும் பாராத மண் நுண்ணுயிர்களின் ஆராய்ச்சியில் இளமை முதல் ஈடுபட்டவர். அவர் குறிப்பாக நாடியது ஆக்டினோமைசீட் என்னும் நுண்ணுயிர்க் குடும்பத்தை. புதுமழை பெய்ததும் நெஞ்சை அள்ளும் மண்வாசனை எழுகிறதே, அந்த வாசனைப் பொருளை ஆக்குவது பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த உயிர்களே. ஒரு நுண்ணுயிர் மற்றொரு நுண்ணுயிரை அடக்கும் பொருளை ஆக்குமானால், நோய்க்கிருமியை அடக்கும் பொருளும் மண்ணில் கிடைக்காமலா போகும்? இதுவே அவருடைய வினா. மாணவர்களும் அவரும் ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களை வளர்த்துச் சோதித்தனர். 1940-இல் ஆக்டினோமைசின் கிடைத்தது. 1942-இல் ஸ்ட்ரெப்டோத்ரைசின் கிடைத்தது. இரண்டும் கிருமியைக் கொன்றன. ஆனால், மருந்தாக ஏற்க முடியாதபடி உடலுக்கும் ஊறு செய்தன. தேடல் தொடர்ந்தது.

1943-இல் அந்தத் தேடலில் சேர்ந்தார் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர். வயது 23. உழவர் குடும்பத்தில் வளர்ந்தவர். மாதம் 40 டாலர் உதவித்தொகை. காசநோய்க் கிருமியையும் எதிர்க்கும் பொருளைத் தேட அவர் முன்வந்தார். கொடிய கிருமியோடு பழகும் பணி என்பதால், கட்டடத்தின் நிலவறையில் அவருக்குத் தனி இடம். இரவென்றும் பகலென்றும் பாராமல் உழைத்தார். அங்கேயே உண்டார், அங்கேயே உறங்கினார். அவ்வாண்டு அக்டோபர் 19-ஆம் நாள், தாம் தேடியது கிடைத்துவிட்டது என்று அறிந்தார். சாம்பல் பசுமை நிறம் கொண்ட அந்த நுண்ணுயிரின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரைசியஸ். கிடைத்த இடம் எது? பளிங்கு மாளிகையா? பன்னீர்த் தடாகமா? எருக் கொட்டிய வயல் மண்ணில் ஒன்று. ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுத்த வளர்ப்பில் மற்றொன்று! எருவும் கோழியும் தந்த அந்தப் பொருளே ஸ்ட்ரெப்டோமைசின். காசநோயை எதிர்த்துக் களத்தில் நின்ற முதல் நுண்ணுயிர் மருந்து.

1944 சனவரியில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஷாட்ஸ், எலிசபெத் பூகி, வாக்ஸ்மன் என மூன்று பெயர்கள் அந்த வரிசையிலேயே இருந்தன. பின்னர் மாயோ மருத்துவ நிலையத்தில் ஃபெல்ட்மன், ஹின்ஷா என்னும் இரு அறிஞர்கள், கினிப்பன்றிகளிடத்தும் அடுத்து நோயாளிகளிடத்தும் அதன் ஆற்றலை மெய்ப்பித்தனர்.

மருந்து வென்றது. மனிதர்களிடையே மனத்தாங்கல் வளர்ந்தது. 1948-இல் காப்புரிமை வழங்கப்பட்டபோது வாக்ஸ்மன், ஷாட்ஸ் இருவர் பெயரும் அதில் இருந்தன. இருவரும் உரிமையைப் பல்கலைக்கழகத்தின் அறநிதி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தனர். எவரும் இதில் பொருள் ஈட்டப் போவதில்லை என்று நம்பியே ஷாட்ஸ் கையெழுத்திட்டார். ஆனால், விற்பனை வருமானத்தில் ஒரு பங்கு வாக்ஸ்மனுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாணவருக்கு அது தெரியாது. உலகெங்கும் ஏடுகள் வாக்ஸ்மனை மட்டுமே போற்றின. மாணவரின் பெயர் மறைந்துகொண்டே வந்தது. 1950 மார்ச்சில் ஷாட்ஸ் வழக்குத் தொடுத்தார். ஆசிரியர்மீது மாணவன் வழக்கா என்று அறிவுலகம் முகம் சுளித்தது. வாக்ஸ்மன் அதுவரை பெற்ற தொகை ஏறத்தாழ 3,50,000 டாலர் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. ஷாட்ஸ் இணைக் கண்டுபிடிப்பாளர் என்பது ஏற்கப்பட்டது. உரிமைத் தொகையில் வாக்ஸ்மனுக்கு நூற்றுக்குப் பத்து. ஷாட்ஸுக்கு நூற்றுக்கு மூன்று. அந்த ஆய்வுக்கூடத்தில் உடன் உழைத்த மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து நூற்றுக்கு ஏழு. இரண்டாண்டுகள் கழித்து, 1952-இல், நோபல் பரிசு வந்தது. வாக்ஸ்மனுக்கு மட்டும்!

வழக்கு மன்றத்தில் கணக்குத் தீர்ந்தது. அறத்தின் மன்றத்தில் தீர்ந்ததா?

ஆசிரியப் பணி செய்யும் நமக்கு, இந்த வழக்கைப் படிக்கும்போது ஏகலைவன் நினைவு எழாமல் இராது. கற்பிக்காத கல்விக்குக் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட துரோணன் கதையைக் கேட்டுக் கொதிக்காத இளைஞர் உண்டா? ஆனால், கொதிப்பு வேறு, தீர்ப்பு வேறு. வாக்ஸ்மன் துரோணன் அல்லர். அவர் கற்பித்தார், இடம் தந்தார், தேடும் முறையை வகுத்தார், ஒரு தலைமுறைக் காலம் அந்த முறைக்காக உழைத்தார். அவர் தரப்பு வாதத்தை அவர் நிலையில் நின்றே கேட்பதுதான் பகுத்தறிவாளர்க்கு அழகு.

அந்தத் தரப்பு சொல்வது இது: "வழி அமைத்தவர் ஆசிரியர். அமைத்த வழியில் நடந்தவர் மாணவர். இந்த மாணவர் இல்லையெனில், அதே வழியில் நடந்த இன்னொரு மாணவர் அந்த நுண்ணுயிரைக் கண்டிருப்பார். ஆகவே பெருமை வழி அமைத்தவருக்கே." கேட்கும்போது சரியென்றே தோன்றும். சற்று எண்ணிப் பார்ப்போம். இன்னொருவர் கண்டிருப்பார் என்பதால் கண்டவரின் பெருமை அழியுமானால், அதே அளவுகோலை ஆசிரியருக்கும் வைக்க வேண்டாமா? வாக்ஸ்மன் இல்லையெனில், மண்ணை ஆராய்ந்த இன்னோர் அறிஞர் அந்த வழியை என்றேனும் அமைத்திருப்பாரே! அவருக்கு முன் கோக் இருந்தார், பாஸ்டர் இருந்தார். அவர்கள் தோள்மீது நின்றுதானே அவரும் எட்டிப் பார்த்தார்? மாணவரைச் சிறிதாக்கப் பயன்படும் வாதம் ஆசிரியரையும் சிறிதாக்கும். மாணவருக்கு ஓர் அளவு, ஆசிரியருக்கு ஓர் அளவு என்று வைப்பது நீதியாகாது.

மறுதரப்பும் தன் எல்லையை மீறலாகாது. "என் கை கண்டது, ஆகவே என்னுடையது" என்றால், அந்தக் கைக்குப் பயிற்சி தந்தது யார்? சோதனைக் குழாயைக் கழுவிவைத்தது யார்? விலங்கிலும் நோயாளியிடத்தும் மருந்தின் மெய்யாற்றலைக் காட்டியது யார்? நிலவறையில் கண்ட பொருள் நிலவறையோடு நின்றிருந்தால், அது ஆராய்ச்சிக் குறிப்பாக இருந்திருக்குமே ஒழிய மருந்தாகியிராது. கண்டுபிடிப்பு என்பது ஒரு தலையில் அடித்த மின்னல் அல்ல. பலர் கைமாறி வந்த தீப்பந்தம்.

அந்தக் கட்டுரையின் இரண்டாவது பெயரை மீண்டும் பார்ப்போம். எலிசபெத் பூகி. சோதனைகளைச் செய்தவர்களுள் ஒருவர். கட்டுரையில் இருந்த அவர் பெயர் காப்புரிமைப் பத்திரத்தில் இல்லை. "நீ நாளை மணம் முடித்துக் குடும்பம் நடத்தப் போகிறவள், பத்திரத்தில் உன் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்ற போக்கில் தமக்குச் சொல்லப்பட்டதாக அவரே பின்னாளில் தெரிவித்தார். ஆசிரியர், மாணவர் வழக்கில் ஏடுகள் ஈடுபட்டிருக்க, பெண்ணின் வழக்கு தொடுக்கப்படாமலே தள்ளுபடியாயிற்று! சோதனைக் குழாயில் வளர்ந்த கிருமிக்கு அது ஆண் கையா பெண் கையா என்று தெரியாது. பெயர் எழுதும் பேனாவுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.

இங்கே இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம் எழுகிறது. ஒன்று, புகழ் யாருக்கு? மற்றொன்று, மருந்து யாருக்கு? முதல் வினா, நடந்தது என்ன என்னும் உண்மையைப் பற்றியது. இரண்டாம் வினா, இனி நடக்க வேண்டியது என்ன என்னும் நீதியைப் பற்றியது.

புகழ் என்பது உண்மையின் மறுபெயராக இருக்க வேண்டும். யார் என்ன செய்தார் என்று உள்ளபடி சொல்வதே புகழ். அதைப் பங்கிட்டால் குறையாது. மூவர் பெயரைச் சொன்னால் ஒருவர் பெருமை மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடாது. மறைத்தால்தான் சுருங்கும், மறைத்தவரையும் சேர்த்துச் சுருக்கும். 1994-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ஷாட்ஸுக்குத் தன் பதக்கத்தை அளித்தது. அக்டோபர் 1943-இல் செய்த செயலுக்கு அரை நூற்றாண்டு கழித்து அறிந்தேற்பு! காலம் கடந்து வரும் நீதியும் நீதிதான். ஆனால், இளமையில் உழைத்தவனுக்கு அது முதுமையில் வந்து சேர்ந்தது.

இனி இரண்டாம் வினா. மருந்து யாருக்கு?

"நோயைப் படைத்தவன் மருந்தையும் படைத்து வைத்தான்" என்று கூறி வினாவையே முடித்துவிடுவோர் உண்டு. மண்ணில் மருந்து வைத்தவன் உண்டென்றால், நுரையீரலில் கிருமியை வைத்தவனும் அவனேயன்றோ? கோக் கிருமியைக் கண்ட பின்னும் அறுபது ஆண்டுகள் கோடிக்கணக்கான மக்கள் மாண்டார்களே, அந்த மண்ணின்மீது நடந்துகொண்டே! நுண்ணுயிர் நமக்காக மருந்து சமைக்கவில்லை. அண்டையில் வாழும் உயிர்களோடு போட்டியிடவும், தன் இனத்தோடு குறிப்புப் பரிமாறவும் எனத் தன் வாழ்வின் தேவைக்கே அது வேதிப்பொருளை ஆக்குகிறது. அதை மருந்தாக்கியது மனித அறிவு, மனித உழைப்பு. கொடுத்தவன் ஒருவன் இல்லையென்றால், அவன் பெயரால் பெற்றுக்கொண்டேன் என்று கூற எவனுக்கும் இடமில்லை. இது மனிதர்க்கிடையே மனிதர் தீர்க்க வேண்டிய வழக்கு.

மெர்க் என்னும் மருந்து நிறுவனம் வாக்ஸ்மனின் ஆராய்ச்சிக்குப் பணம் தந்தது. அதற்கு ஈடாக, கிடைக்கும் மருந்துகளின் முழு உரிமையும் ஒப்பந்தப்படி அதற்கே. ஆனால், ஸ்ட்ரெப்டோமைசின் எத்தகைய மருந்து என்று தெளிவானதும், ஒரே நிறுவனத்தின் பிடியில் அது இருத்தலாகாது என்று வாக்ஸ்மன் கேட்டுக்கொண்டார். மெர்க் தன் தனியுரிமையை விட்டுக்கொடுத்தது. பல நிறுவனங்கள் அதை ஆக்கலாயின. மாணவரிடம் பங்கை மறைத்த அதே மனிதர், மருந்தை உலகுக்குத் திறந்துவிடவும் செய்தார். பிற்காலத்தில் தம் வருமானத்தில் பெரும்பங்கை நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கே அளித்தார். மனிதரை ஒரே சொல்லில் தேவர் என்றும் அசுரர் என்றும் பிரிப்பது புராணத்தின் வேலை. செயலைச் செயலாக எடைபோடுவதே நம் வேலை.

மருந்து சிறிது, நோயாளிகள் பலர் என்ற நிலை வந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது? போருக்குப் பின் பிரிட்டனில் அந்த நிலை எழுந்தது. டாலர் தட்டுப்பாடு, கிடைத்த மருந்து கையளவு. செல்வருக்கா? செல்வாக்குடையவருக்கா? மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் வேறு வழி கண்டனர். பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் வகுத்த முறைப்படி, உறையிட்ட சீட்டுகளின் வழியே 107 நோயாளிகள் இரு பிரிவாயினர். 55 பேருக்கு மருந்து. 52 பேருக்கு அன்றைய வழக்கப்படி படுக்கை ஓய்வு. ஆறு மாதத்தில் மருந்து பெற்றோருள் இறந்தவர் 4. பெறாதவருள் இறந்தவர் 14. 1948-இல் முடிவு வெளியாயிற்று. எல்லார்க்கும் கொடுக்க மருந்தில்லாத வேளையில், குலம் கேட்காமல், பணம் கேட்காமல், பரிந்துரைக் கடிதம் கேட்காமல் சீட்டு முடிவு செய்தது. கொடிதுதான், ஆனால் நேர்மையான கொடிது. அதிலிருந்து கிடைத்த உறுதியான அறிவு, பின்னால் வந்த எண்ணற்றவர்க்குப் பயன்பட்டது.

அதே 1948-ஆம் ஆண்டைச் சற்று நினைப்போம். ஜார்ஜ் ஆர்வெல் என்னும் ஆங்கில எழுத்தாளர் காசநோயால் ஸ்காட்லாந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். செல்வாக்குள்ள நண்பரின் முயற்சியால், அமைச்சரின் இசைவோடு, அமெரிக்காவிலிருந்து அவருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. மருந்தின் கடுமையை அவர் உடல் தாங்கவில்லை, நிறுத்த நேர்ந்தது, 1950 சனவரியில் இறந்தார். அதே 1948-இல், தமிழ்ச் சிறுகதையின் தலைமகன் புதுமைப்பித்தன், அதே நோய்க்கு, 42 வயதில் பலியானார். இருவரும் எழுத்தாளர், இருவரையும் உருக்கியது ஒரே கிருமி. உலகில் அந்தக் கிருமிக்கு மருந்து பிறந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. மருந்து பிறப்பது வேறு. மருந்து வந்து சேர்வது வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் நாம் அநீதி என்கிறோம்.

"எல்லாம் சரி, ஊதியம் இல்லையேல் யார் பணம் போடுவார்?" என்று கேட்பர் சிலர். கேட்க வேண்டிய கேள்விதான். மருந்தைத் தேடப் பணம் வேண்டும், தூய்மையாக்க வேண்டும், சோதிக்க வேண்டும், காற்றில் வருவதில்லை எதுவும். ஆனால், ஊதியத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளை எதிர்க்க, பிளாசோமைசின் என்னும் மருந்தை அக்காஜென் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. 2018-இல் அரசின் இசைவும் பெற்றது. 2019-இல் நிறுவனமே திவாலாயிற்று! காரணம் எளிது. நல்ல எதிருயிரி மருந்தை அளவாகப் பயன்படுத்த வேண்டும். நெருக்கடிக்கென்று சேமித்து வைக்க வேண்டும். அளவாக விற்றால் இலாபம் வராது. ஆக, உலகுக்கு இன்றியமையாத பொருள் சந்தைக்கு வேண்டாத பொருளாயிற்று. சந்தை கைவிடும் இடத்தில் சமுதாயம் கைகொடுத்தாக வேண்டும். உழைப்புக்குக் கூலி வேண்டும், முதலுக்கு ஈடு வேண்டும், மறுக்கவில்லை. கூலி கேட்பது நியாயம். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது நியாயமன்று.

பூட்டாத கதவும் உண்டு. ஜப்பானிய அறிஞர் சதோஷி ஓமுரா தம் நாட்டு மண்ணில் கண்ட நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஐவர்மெக்டின் என்னும் மருந்து உருவாயிற்று. ஆப்பிரிக்காவின் ஆற்றோரச் சிற்றூர்களில் கண்களைக் குருடாக்கிவந்த ஆற்றுக்குருடு நோயைத் தடுக்கும் மருந்து அது. வாங்க வேண்டியவர்களிடம் காசு இல்லை. 1987-இல் மெர்க் நிறுவனம், வேண்டிய அளவு, வேண்டிய காலம்வரை இலவசமாகத் தருவதாக அறிவித்து, அவ்வாறே தந்தது. பாராட்டுகிறோம். ஆனால், பார்வை என்பது கொடையாளரின் மனநிலையைப் பொறுத்திருக்கலாமா? இன்று கொடுக்கும் கை நாளை மூடிக்கொண்டால்? கொடை நன்று, உரிமை அதனினும் நன்று.

மண்ணுக்குரிய மக்களின் குரலையும் கேட்போம். பசிபிக் பெருங்கடலின் நடுவே ஈஸ்டர் தீவு இருக்கிறது. அங்குள்ள மக்கள் அதை ராப்பா நூய் என்கின்றனர். 1964-இல் கனடா நாட்டுக் குழுவினர் அங்கே சென்று மண்ணும் எடுத்து வந்தனர். அந்த மண்ணின் நுண்ணுயிரிலிருந்து ராப்பாமைசின் கிடைத்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் மருந்தாக அது பின்னர் பயன்பட்டது. தீவின் பெயர் மருந்தில் இருக்கிறது. மருந்தின் வருவாயில் தீவுக்கு இடமில்லை. மண் எடுத்தவர்கள் திருடர்கள் என்று நாம் சொல்லவில்லை; மண்ணில் மருந்து இருப்பது அன்று எவர்க்கும் தெரியாது. ஆனால், தெரிந்த பிறகு மறப்பது என்ன நீதி? 1992-இல் எழுந்த உயிரியற் பன்மை உடன்படிக்கையும், 2010-இல் நாகோயாவில் உருவான ஒப்பந்தமும், இயற்கை வளத்தைத் தந்த நாட்டுக்கும் மக்களுக்கும் பயனில் பங்கு உண்டு என்று எழுதிவைத்தன. எழுத்து ஏட்டில் உறங்காமல் பார்த்துக்கொள்வது நம் காலத்தின் கடமை.

நம் ஊரின் பங்கு என்ன? 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அது எடுத்துக்கொண்ட கேள்வி ஏழையின் கேள்வி. படுக்கையும் நல்லுணவும் உள்ள நலவாழ்வு மனையில் வைத்தால்தான் மருந்து பலிக்குமா? நெருக்கடி மிகுந்த குடிசையில், அரைவயிற்று உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டே மருந்துண்டால் பலிக்காதா? ஒரு சாராரை மனையிலும் ஒரு சாராரை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டனர். வீட்டு மருத்துவமும் மனை மருத்துவத்துக்கு ஏறக்குறைய இணையாகப் பலித்தது. வீட்டிலிருந்த உறவினர்க்கும் அதனால் மிகுதியான தீங்கு விளையவில்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகின் காசநோய் மருத்துவத்தையே திருப்பியது. புது மருந்தைக் கண்டவர்கள் அல்லர் அவர்கள். ஏற்கெனவே உள்ள மருந்து ஏழையின் வாசலுக்கு வர வழி கண்டவர்கள். அதுவும் கண்டுபிடிப்புத்தான்.

இந்த வழக்கில் இன்னும் ஒரு தரப்பு உண்டு. அது இன்னும் பிறக்கவே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது, சில மாதங்களில் கிருமி அதை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் கிருமி பணிந்தது. அந்தப் பாடத்தை இன்று மறந்து, சாதாரணச் சளிக்கும் எதிருயிரி மருந்தை விழுங்குகிறோம். காசநோய்க்கு ஆறு மாதம் உண்ண வேண்டியதை இரண்டு மாதத்தில் நிறுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் கிருமிக்குப் பயிற்சி தருகிறோம். மருந்தின் ஆற்றல் ஒரு பொதுக்குளம். நாம் கலக்கிவிட்டுப் போனால், நாளை வருபவன் சேற்றைத்தான் குடிக்க வேண்டும். மருந்து எல்லார்க்கும் உரியது என்றால், அதைக் காப்பதும் எல்லார் கடமையே. உரிமையை மட்டும் கேட்டுப் பொறுப்பை மறப்பவன், பொதுவுடைமையைத் தன்னுடைமையாக்கிக் கொள்பவனே.

2023-ஆம் ஆண்டில் மட்டும் காசநோய்க்கு உலகில் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் பலியாயினர். நோயுற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லாமலா? இருக்கிறது. அது பிறந்து எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனினும் சிறந்தவை பின்னர் பல வந்துவிட்டன. இன்றைய காசநோய் மருத்துவத்தின் முதுகெலும்பான ரிஃபாம்பிசினும் மண் நுண்ணுயிர் வழியே வந்ததுதான். ஆக, அறிவு செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு, அறத்தின் வருகைக்காகக் காத்து நிற்கிறது!

இளைஞர்களே, ஆய்வுக்கூடத்திற்குச் செல்லுங்கள். மண்ணை அருவருக்காமல் கையில் எடுங்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை இன்னும் எந்த ஆய்வுக்கூடத்திலும் வளர்க்கப்படவில்லை. 2015-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட டெய்க்சோபாக்டின் என்னும் பொருள், அவ்வாறு வளர்க்க முடியாதிருந்த ஒன்றை மண்ணிலேயே வைத்து வளர்த்துப் பெற்றதுதான். தேடுபவர்க்கு இடம் இருக்கிறது. தேடுங்கால் உடன் உழைப்பவர் பெயரை மறவாதீர். குழாய் கழுவுபவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். ஆய்வுக்கூடத்திற்குச் செல்லாதவர்கள் கேள்வி கேளுங்கள். இந்த மருந்து ஏன் இந்த விலை? எங்கள் ஊர் மருத்துவமனையில் ஏன் இல்லை? யார் பணத்தில் நடந்த ஆராய்ச்சி, யார் பையில் சேரும் இலாபம்? கேட்கப்படாத கேள்விக்கு எந்த அரசும் விடை சொன்னதில்லை.

வழக்கின் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகழ், உழைத்தவர் அனைவருக்கும் உரியது. ஒருவரையும் விடாமல் எழுதுக. கூலி, உழைப்புக்கு ஏற்ப உரியது, மறைக்காமல் கொடுக்க. மருந்து, நோயுற்றவருக்கு உரியது. அதன் கதவில் பூட்டுத் தொங்கலாகாது.